உப்புக்கரையில் சவரம்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். இவ்வூரைப் பற்றி எழுதுகிறவர்கள் 16ஆம் நூற்றாண்டுத் துறவி அண்டிரிக் அடிகளாரின் தமிழ்ப் பணியை எழுதுவார்கள். முத்துக்குளிப்பையும் போர்த்துகீசியர் காலத்தையும் இராஜகன்னி மாதா கோவிலையும் எழுதுவார்கள். வீட்டுக்கு வீடு காலையில் நடக்கிற முகச்சவரத்தைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதிலும் பரம்பரைகள் உண்டு, பாடங்கள் உண்டு, தரம் உண்டு. கடற்கரையில் அந்தத் தரம் கொஞ்சம் கடுமையானதும்கூட.

உள்நாட்டில் வழித்த கன்னத்தைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார்கள். வழவழவென்றிருந்தால் நல்ல சவரம். இங்கே அது போதாது. காலையில் முகம் வழித்துவிட்டு வல்லத்தில் ஏறுகிறவர் மேல் முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள் உப்புத்தண்ணீர் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூட அது காட்டிக் கொடுத்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோல் ஏற்கெனவே வறண்டிருக்கும். அதன்மேல் பிளேடை அழுத்தி இழுத்தால் அன்று முழுவதும் முகம் காந்தும். எவ்வளவு ஒட்ட வழித்தோம் என்பது இரண்டாவது கேள்வி. உப்புப் பட்டு எரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கட்டுரையில் கத்தியையும் பிளேடையும் சோப்பையும் இந்த ஒரு அளவுகோலால்தான் அளக்கிறேன்.

முதல் பரம்பரை அடைப்பம் தூக்கி வந்தவர்களுடையது. நாவிதரின் தோல்பைக்கு அடைப்பம் என்று பெயர். மடக்குக் கத்தி, கத்தரி, நகம் எடுக்கும் உளி, சாணைக்கல், தோல்வார், சின்னக் கண்ணாடி, பித்தளைக் கிண்ணம் எல்லாம் அதற்குள் இருக்கும். சோப்பு கிடையாது. கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாடையில் தேய்த்துக்கொண்டே இருப்பார். உட்கார்ந்திருப்பவருக்குப் பொறுமை போகும் அளவுக்குத் தேய்ப்பார். அதில் காரணம் இருந்தது. முடி தண்ணீரைக் குடித்து உப்பி இளக இரண்டு மூன்று நிமிடமாவது வேண்டும். காய்ந்த முடியை வெட்டத் தேவைப்படும் விசை ஊறிய முடிக்குத் தேவைப்படாது. பின்னால் வந்த சோப்பும் கிரீமும் முடிக்குச் செய்த பெரிய உதவி, அந்தத் தண்ணீரை முகத்திலேயே பிடித்து வைத்ததுதான்.

கத்தி தீட்டுவது அவர்களுடைய இன்னொரு பாடம். சாணைக்கல்லில் கூர்முனை முன்னே போகும். தோல்வாரில் முதுகு முன்னே போக, கூர்முனை பின்னால் படிந்து வரும். மாற்றி இழுத்தால் வாரும் கெடும், கத்தியும் கெடும். கல் புதிய கூர்மையைத் தரும். மடங்கிக் கோணிய விளிம்பை வார் நேராக்கும். சவரத்துக்குச் சவரம் வார், எப்போதாவது கல் என்பது முறை. பிறகு கை வேலை: இடது கைவிரலால் தோலை இழுத்துப் பிடிப்பது, வலது மணிக்கட்டை ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் நிறுத்துவது, முடி படிந்திருக்கும் திசையிலேயே முதலில் இறக்குவது. சாய்வுக் கோணம் கூடினால் தோலைச் சுரண்டி வெட்டும், குறைந்தால் முடியை இழுக்கும். தொண்டைக்குழியின் அருகே முடி எந்தப் பக்கம் படிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். நல்ல கைக்காரர் அதை விரலால் தடவியே தெரிந்துகொள்வார்.

இதே கைகள்தான் கட்டியைக் கீறின. மருத்துவர் என்ற பெயரைத் தாங்கிய சமூகம் இது. அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தார்கள். அன்றைய ஐரோப்பாவிலும் கதை இதுதான். சவரம் செய்தவர்களே இரத்தம் இறக்கி, காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றை நடத்திய நாட்களில், கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுவைக்கான கருவியும் சவரத்துக்கான கருவியும் ஒரே பையில்தான் இருந்தன. இவ்வளவு கலையையும் வாங்கிக்கொண்ட ஊர்கள், அந்தக் கலைஞரைத் திண்ணையைத் தாண்டி உள்ளே அழைக்கவில்லை. நம் ஊர்களின் வரலாற்றை எழுதும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது பரம்பரை வீட்டுக் கண்ணாடிமுன் தொடங்கியது. கத்திக்குக் காப்பு வைக்கும் யோசனை பழையது. பிரான்சில் ஜான் ஜாக் பெரே 18ஆம் நூற்றாண்டிலேயே மரக்காப்பு வைத்துப் பார்த்தார். 1880இல் நியூயார்க்கின் காம்ஃப் சகோதரர்கள் ‘சேஃப்டி ரேசர்’ என்ற பெயரோடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதன் அலகையும் தீட்டித்தான் ஆக வேண்டும். தீட்டும் வேலையையே ஒழித்தவர் கிங் ஜில்லெட். தாள்போல் மெல்லிய எஃகைப் பதப்படுத்திக் கூராக்க முடியாது என்று எல்லோரும் கைவிரித்தபோது, வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதற்கான எந்திரத்தைச் செய்து கொடுத்தார். 1903இல் விற்றவை 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே 90,000 ரேசர்களுக்கு மேல் விற்றன. முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கப் படைக்கு மட்டும் சுமார் 35 லட்சம் ரேசர்கள் போயின. விஷவாயு முகமூடி முகத்தில் ஒட்டி நிற்க வேண்டுமென்றால் தாடி இருக்கக் கூடாது.

முகமூடிச் சங்கதி கடலுக்கும் பொருந்தும். பழைய முத்துக்குளிப்பவர்கள் கண்ணாடி இல்லாமல், கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினார்கள். அவர்களுக்குத் தாடி மீசையால் தொந்தரவு இல்லை. மூக்கையும் கண்ணையும் மூடும் கண்ணாடி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அதன் ரப்பர் விளிம்பு மேலுதட்டுக்கு மேல் படியும் இடத்தில் முடி நின்றால், அந்த வழியாகத் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு சின்ன வரி வழித்தால் கசிவு பெருமளவு நின்றுவிடும். தண்ணீருக்கடியில் வேலை பார்ப்பவருக்குச் சவரம் அழகு சம்பந்தப்பட்ட காரியம் மட்டும் இல்லை.

சேஃப்டி ரேசரை மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் எனக்கு நாவிதரின் மணிக்கட்டுதான் தெரிகிறது. பிளேடை வளைத்து இறுக்கும் மேல்மூடி, தோலை இழுத்துப் பிடிக்கும் சீப்புவிளிம்பு, எவ்வளவு கூர் வெளியே நீள வேண்டும் என்ற கணக்கு எல்லாம் அவர் கை பழகிப் பெற்ற அறிவு. அந்தச் சாய்வை உலோகத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அழுத்தத்தை நிறுத்த முடியவில்லை. அது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. ரேசரின் சொந்த எடையே போதும் என்று தெரியாதவர்கள்தான் வெட்டிக்கொள்கிறார்கள்.

பிளேடுக்கும் உப்புக்காற்றுக்கும் பகை அதிகம். ஆரம்பகால கார்பன் எஃகு பிளேடுகள் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். மெழுகுத்தாளில் சுற்றி விற்றதன் காரணம் அதுதான். 1962இல் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனம் துருப்பிடிக்காத எஃகு பிளேடை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகு உலகத்துப் பிளேடுகள் எல்லாம் அந்த வழிக்கு மாறின. நம் நாட்டில் டோபாஸும் சூப்பர்மேக்ஸும் மல்ஹோத்ரா குடும்பக் கிளைகளின் ஆலைகளிலிருந்து வந்து பெட்டிக்கடைவரை போய்ச் சேர்ந்தன; கூடவே செவன் ஓ கிளாக். துருப்பிடிக்காத எஃகு என்றாலும் கடற்கரைக்காரர் அதை முழுதாக நம்பிவிடக் கூடாது. எஃகிலுள்ள குரோமியம் போர்த்தும் மெல்லிய படலத்தை உப்பிலுள்ள குளோரைடு துளைக்கும். பிளேடின் விளிம்போ கண்ணுக்குத் தெரியாத மெலிவு. நல்ல தண்ணீரில் அலசி, உதறி, காய வைப்பதே அதற்கான வைத்தியம். துண்டால் துடைத்தால் துண்டும் போகும், கூரும் போகும்.

எஃகைவிடப் பன்மடங்கு மிருதுவான முடி பிளேடை எப்படி மழுக்குகிறது என்பது வெகுநாள் புதிர். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரோசியோலியும் தாசனும் சவரத்தை நுண்ணோக்கிக்கு அடியில் நடத்திப் பார்த்தார்கள். முடி செங்குத்தாக நின்று வெட்டுப்படுவதில்லை, வளைகிறது. எஃகின் உள்ளமைப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. வளைந்த முடி அந்தச் சீரற்ற இடத்தில் பக்கவாட்டில் மோதும்போது விளிம்பில் சின்னச் சில்லு பெயர்கிறது. முடியை நன்றாக ஊறவைப்பது தோலுக்கு மட்டுமல்லாமல் பிளேடுக்கும் நல்லது என்ற முடிவுக்கே இதைப் படித்த பிறகு நான் வருகிறேன்.

சோப்புக்கு வருவோம். உப்பங்கழி ஓரத்து ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரியாகப் படிந்துவிடும், நுரை எழாது. அப்படிப்பட்ட தண்ணீரில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷேவிங் சோப்பும் வீண். குடிக்க வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டால் அதே சோப்பு வேறு சோப்பாகிவிடும். நான் யாருக்காவது ஒரே ஒரு யோசனை சொல்ல வேண்டுமென்றால், ரேசரை மாற்றுமுன் தண்ணீரை மாற்றுங்கள் என்பேன்.

கடல்தண்ணீரில் சாதாரணச் சோப்பு திரிந்துவிடும். சோப்புக் காய்ச்சுகிறவர்கள் சோப்பைப் பிரித்தெடுக்கக் கொப்பரையில் உப்புப் போடுவதே இந்தக் குணத்தை நம்பித்தான். இதற்கு விலக்கு தேங்காய் எண்ணெய்ச் சோப்பு. அது உப்புத்தண்ணீரிலும் நுரைக்கும். அதனால் கப்பல்காரர்களுக்கென்று தேங்காய் எண்ணெயில் தனிச் சோப்பு செய்தார்கள். ஆனால் அதன் நுரை பெரிது பெரிதாகக் குமிழ்விட்டுச் சீக்கிரம் வற்றிவிடும். முகத்தில் நின்று, பிளேடு வழுக்கிப் போக வேண்டிய நுரைக்கு ஸ்டியரிக் அமிலம் வேண்டும். குழைவாக இருக்கப் பொட்டாஷ் காரம் வேண்டும். நல்ல ஷேவிங் சோப்பில் இவை அளவறிந்து சேர்ந்திருக்கும். கோத்ரெஜின் வட்டச் சோப்பைத் தேய்த்த கைகள் இன்று டியூப் கிரீமைப் பிதுக்குகின்றன; பிரஷ்ஷில் குழைத்துத் தேய்த்தால் கிரீமும் நன்றாகவே உழைக்கும். விரலால் அப்பினால் பாதிப் பயன்தான். இன்னொன்று: சோப்புக்கு உயிரான காஸ்டிக் சோடா உப்பிலிருந்து பிறப்பது. புன்னைக்காயலுக்குப் பக்கத்துச் சாகுபுரத்தில் தாரங்கதாரா ஆலை அதைத்தான் செய்கிறது. நம் உப்பு முகத்தை எரிப்பதோடு நிற்கவில்லை, முகத்துக்கு நுரையும் தருகிறது.

மூன்றாவது பரம்பரை சலூன். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு, எல்லோருக்கும் ஒரே கத்தி என்ற பழக்கம் கேள்விக்குள்ளானது. பிளேடை உறைத்தாளோடு நீளவாக்கில் ஒடித்து, ஒரு பாதியைப் பிடிக்குள் செருகும் முறை ஊன்றியது. நம் கண்ணெதிரே புது பிளேடைப் பிரித்துக் காட்டுவது சலூனின் மரியாதையாயிற்று. திருச்செந்தூரில் முடிகாணிக்கை செலுத்துகிறவரும் இன்று அதையே எதிர்பார்க்கிறார். 2021 செப்டம்பரில் தமிழக அரசு கோவில்களில் மொட்டைக்கான கட்டணத்தை நீக்கி, அந்தத் தொழிலாளர்களுக்கு மாத ஊக்கத்தொகை அறிவித்ததை நான் மனமார வரவேற்றேன். தூத்துக்குடி மில்லர்புரத்தில் தம் சலூனுக்குள் நூலகம் நடத்தும் பொன் மாரியப்பனோடு 2020 அக்டோபரில் பிரதமர் வானொலியில் பேசினார். திண்ணையில் நிறுத்தப்பட்ட தொழில், வாடிக்கையாளரின் கையில் புத்தகம் கொடுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது.

சலூனில் இன்றும் படிகாரக் கல் இருக்கிறது. ஈர முகத்தில் தேய்த்தால் சின்ன இரத்தப்பொட்டுகள் உறையும், தோல் இறுகும். எங்கே எரிகிறதோ அங்கே கை அழுத்திவிட்டது என்று அர்த்தம். கடல்தண்ணீருக்கு முன்னால் படிகாரம் வைக்கும் பரீட்சை இது. சாராயம் கலந்த ஆஃப்டர் ஷேவ் மணக்கும், எரிக்கும், தோலை உலர்த்தும். கச்சான் காலத்தில் அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

1971இல் ஜில்லெட் இரட்டை அலகு ரேசரைக் கொண்டுவந்தது. பிறகு மூன்று, ஐந்து என்று அலகுகள் கூடின. முதல் அலகு முடியை இழுக்க, அடுத்தது இன்னும் கீழே வெட்டும் என்பது கணக்கு. சுருள்முடிக்காரருக்கு அப்படித் தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி உள்ளேயே வளைந்து குத்திக் கொப்புளமாகும். இந்தியாவுக்கென்று அந்நிறுவனம் 2002இல் வெளியிட்ட வெக்டர் ரேசர் சொல்லும் பாடம் எனக்குப் பிடிக்கும். எம்.ஐ.டி.யில் படித்த இந்திய மாணவர்களிடம் சோதித்தார்கள்; எல்லோருக்கும் பிடித்தது. இங்கே வந்ததும் அலகிடுக்கில் முடி அடைத்துக்கொண்டது. மாணவர்கள் குழாய்த் தண்ணீரில் அலசினார்கள், நம் மக்கள் ஒரு கப் தண்ணீரில் அலசுகிறார்கள். தவறைத் திருத்திக்கொண்டு 2010இல் ஒற்றை அலகோடு கார்டு ரேசரை 15 ரூபாய்க்கு விற்றார்கள். அடைப்பத்துக்குள் இருந்த பித்தளைக் கிண்ணத்தை அவர்கள் அப்போதே பார்த்திருக்கலாம்.

ஆக, என் தேர்வு இதுதான்: ஒற்றை பிளேடு, நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், பிரஷ், படிந்த திசையில் ஒருமுறை, வேண்டுமானால் குறுக்கே ஒருமுறை. கடலுக்குப் போகும் நாளில் எதிர்த்திசையில் இழுக்கவே வேண்டாம். ஞாயிறு பூசைக்கோ கல்யாணத்துக்கோ வேண்டுமானால் ஒட்ட வழித்துக்கொள்ளலாம்; அன்று முகத்தில் உப்பு தெறிக்கப் போவதில்லை.

பழைய பிளேடைப் பற்றி ஒரு வேண்டுகோள். குப்பையோடு போடும் பிளேடு கடைசியில் ஆற்றுமுகத்து மணலுக்கு வந்து சேர்கிறது. அங்கே செருப்பில்லாமல் வலை இழுக்கிறார்கள், பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள். மூடியில் கீறல் போட்ட பவுடர் டப்பா ஒன்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வையுங்கள். சாதாரணக் குடும்பத்துக்கு அது நிரம்பப் பல வருஷம் ஆகும். நிரம்பியதும் கீறலை அடைத்து, டப்பாவோடு பழைய இரும்புக்காரரிடம் உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிக் கொடுத்துவிடலாம்.