கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும்

பாம்புக்கடி சிகிச்சையில் நான் மிகவும் மதிக்கும் கருவி ஒரு சாதாரணக் கண்ணாடிச் சோதனைக் குழாய். கடிபட்டவரின் ரத்தம் 2 மில்லி எடுத்து அதில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைக்கிறார்கள். பிறகு ஒரே ஒரு முறை சாய்க்கிறார்கள். உறைந்திருந்தால் கட்டியாக நிற்கும். தண்ணீர்போல ஓடினால், கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ ஏற்றிய நஞ்சு ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைத் தீர்த்துவிட்டது என்று பொருள். விஷமுறிவு மருந்தைத் தாமதிக்காமல் ஏற்ற வேண்டும்.

மின்சாரம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடலாம். வேலை செய்வது கண்ணாடியேதான். அதன் பரப்பு பட்டதும் ரத்தத்தின் 12ஆம் உறைகாரணி விழித்துக்கொள்கிறது. ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் ரத்தம் உறைகிறது. பிளாஸ்டிக்குக்கு இந்தக் குணம் கிடையாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயும் ஏமாற்றும்: நல்ல ரத்தமே உறையாமல் கிடக்கும். ஆகவே புதிய, சுத்தமான, ஈரமில்லாத குழாய் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உறைந்துவிட்டதே என்று ஆளை வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. நஞ்சு மெல்ல ஏறலாம். சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்திருந்தால் ரத்தம் வழக்கம்போல உறையும். அங்கே இமை சரிகிறதா, மூச்சு திணறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மருந்து ஏற்றி 6 மணி நேரம் கழித்து, வேறொரு புதுக் குழாயில் மறுபடி சோதிப்பார்கள். கல்லீரல் புதிதாக ஃபைப்ரினோஜன் சுரக்க அவ்வளவு அவகாசம் தேவை.