கடைசி நாள் நட்ட கன்று

வெளிநாட்டிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் மாணவர் குழுக்களின் கடைசி நாள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. விடியலில் கிரிவலம், பிறகு மரக்கன்று, மதியம் பள்ளிச் சுவருக்குப் பெயின்ட், சாயங்காலம் கடைத்தெரு, ராத்திரி விமான நிலையம். தை மாதத்தில் ஒருநாள் அடிஅண்ணாமலையில் அப்படி ஒரு குழுவோடு இருந்தேன்.

காலைப் பொழுதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 14 கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறைய பாதி நடந்து ஆதி அருணாசலேசுவரர் கோயிலுக்கு வந்தபோது, வெறுங்காலில் வந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். மலையின் பின்பக்கம் இது. ஊர்ப்பக்கத்து ராஜகோபுரக் கூட்டம் இங்கே இல்லை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்பது ஊர்வழக்கு. ஒரு பெண் கொப்புளத்தைத் தடவிக்கொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளக்கம் சொல்ல வந்த வழிகாட்டி, நல்லவேளை, டீ குடிக்கப் போய்விட்டார்.

சிக்கல் கன்று நடுவதில் தொடங்கியது. ஒரு பையன் பிளாஸ்டிக் கவரோடு கன்றைக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளினான். படம் எடுத்து முடிந்ததும் தோட்ட வேலைக்காரர் அதை மெல்லப் பிடுங்கி, கட்டைவிரல் நகத்தால் கவரைக் கிழித்து, வேர்மண் உதிராமல் திரும்ப வைத்தார். ஒரே கன்றுக்கு இரண்டு பேர் வேலை. அதைவிடப் பெரிய பிழை மாதம். இங்கே கன்று வைக்க ஐப்பசி, கார்த்திகை மழைதான் தோது. தையில் வைத்தால் கோடை முழுக்க யாராவது குடம் சுமக்க வேண்டும். பெயின்ட் விஷயம் இன்னும் எளிது: உள்ளூர்ப் பெயின்டர் ஒருவருக்கு இரண்டு நாள் கூலி போயிற்று.

‘பிள்ளைகளின் மனம் மாறுகிறதே’ என்பார்கள். மாறட்டும். அதற்குக் கன்று எதற்கு? 1930களின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் இங்கே வந்தபோது எந்தத் தொண்டும் செய்யவில்லை. ரமணர் முன்னால் உட்கார்ந்தார், கவனித்தார், போனார். 1934இல் வெளியான பிரண்டனின் புத்தகத்தைப் படித்துவிட்டு இந்த ஊரைத் தேடி வந்தவர்கள் ஏராளம். ஒழுங்காகப் பார்ப்பதும் ஒரு வேலைதான்.

வெளிநாட்டார் கைபட்டால் கெட்டுவிடும் என்பதல்ல என் வாதம். மொட்டையாய்க் கிடந்த இந்த மலையில் 1980களின் இறுதியில் காடு வளர்க்கும் முயற்சி தொடங்கியபோது ஆஸ்திரேலியர்களின் பங்கு அதில் உண்டு. பின்னால் வந்த ‘தி ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளையிலும் உள்ளூராரும் வெளியாரும் சேர்ந்தே உழைக்கிறார்கள். வேறுபாடு இதுதான்: அவர்கள் அடுத்த கோடையிலும் இங்கே இருந்தார்கள். நம் சுற்றுலா இ-விசாவே கூலி வாங்காத தன்னார்வப் பணிக்கு ஒரு மாதம் வரை இடம் கொடுக்கிறது. அதை ஒருநாளாகக் குறுக்கியது பயண ஏற்பாட்டாளர்களின் கஞ்சத்தனம்.

ஆகவே என் தீர்ப்பு: ஊர் பார்த்த பாதி தேறியது, தொண்டு செய்த பாதி தேறவில்லை. ஒரே நாள்தான் உண்டு என்றால், நாம் போன பிறகு யாரும் சுமக்க வேண்டாத வேலையைக் கேட்டு வாங்க வேண்டும். தை, மாசியில் அப்படி ஒன்று இருக்கிறது: தீத்தடுப்புக் கோடு. காய்ந்த புல்லை அகலமாக அறுத்து ஒதுக்கிவிட்டால், கோடையில் மலையில் பிடிக்கும் தீ அந்த இடத்தைத் தாண்டத் திணறும். அறுத்தவர் விமானம் ஏறிவிட்டாலும் அறுத்தது அறுத்ததுதான். உள்ளூர் ஆட்களுக்கு அன்றைய கூலியைக் குழுவே கொடுத்து, அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு அறுக்கலாம். வெயில் மண்டையைப் பிளக்கும், கை கிழியும், படத்தில் வெறும் தரைதான் தெரியும். யாரும் இதை நிரலில் போடாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்று பஸ் கிளம்பிய பிறகு அந்த வேலைக்காரர் கன்றுகளை எண்ணினார். முப்பது. ஆடு கடிக்காமலிருக்க வேலி வைக்க வேண்டும். கைவசம் இருந்த முள் எட்டுக் கன்றுக்குத்தான் வந்தது.