பாஸ்டர் படமும் கிடை நாயும்

1936-இல் ஹாலிவுட்டில் வெளிவந்த 'தி ஸ்டோரி ஆஃப் லூயி பாஸ்டர்' என்னும் படத்தை அண்மையில் எங்கள் மாணவர்களுக்குத் திரையிட்டோம். பாஸ்டராக நடித்த பால் முனி அதற்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர். நடிப்பில் குறை காண எனக்குத் தகுதியில்லை. படத்தின் அறிவியலைப் பற்றித்தான் பேச்சு.

முதல் பாதி நன்று. அடைப்பான் நோய்க்கு எதிராக ஆடுகளில் ஒரு பகுதிக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். மறு பகுதிக்கு இல்லை. பின்னர் இரண்டிற்கும் நோய்க்கிருமி செலுத்தப்படுகிறது. ஊசி போட்டவை பிழைக்கின்றன; மற்றவை மடிகின்றன. 1881-இல் பிரான்சில் உண்மையாகவே நடந்த சோதனை இது. நம் ஆய்வுக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்துப் பார்க்கிறோமே, அதே முறைதான்.

வெறிநோய்க்கு வரும்போது படம் சறுக்குகிறது. சார்பனே என்ற கற்பனை மருத்துவர், பாஸ்டரைப் பொய்யராக்குவதற்காக வெறிநோய் நச்சைத் தமக்கே செலுத்திக்கொள்கிறார், சாகவில்லை. நாட்பட்ட நச்சு வலுவிழக்கும் என்பது அதிலிருந்துதான் பாஸ்டருக்குப் புலப்படுகிறதாம்! விறுவிறுப்பான காட்சிதான். ஆனால் ஒருவர் பிழைத்தது எதற்குச் சான்று? வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லையே. (வந்துவிட்டாலோ, பிழைப்பது அரிதினும் அரிது.) அப்படிப் பார்த்தால், 1885 ஜூலை 6-இல் முதல் ஊசி போடப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டர் பிழைத்ததும் தனித்து நின்று சான்றாகாது.

சான்று நாய்களிடம் இருந்தது. பாஸ்டர் ஊசி போட்ட நாய்களையும் போடாத நாய்களையும் 1884-இல் பிரெஞ்சு அரசின் குழு ஒன்று சோதித்துப் பார்த்தது. போட்டவற்றிற்கு நோய் வரவில்லை. போடாதவற்றில் பெரும்பாலானவை வெறிகொண்டன. அதாவது, வெறிநோய்த் தடுப்பூசி முதலில் காத்தது நாயைத்தான். படம் முடியும்போது நம் நெஞ்சில் நிற்பவர்களோ சிறுவனும் சார்பனேயும்!

நாமும் அப்படியே நினைத்துப் பழகிவிட்டோம். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தைத் தொப்புளைச் சுற்றி 14 ஊசியாகப் போட்ட காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மருந்து இப்போது இல்லை. கையில் போடும் நல்ல ஊசி வந்துவிட்டது. கடிபட்டவுடன் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம். ஆனால் இவையெல்லாம் கடித்த பின் செய்பவை. மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு நாயால் வருவது. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டிற்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி. பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் தவணைகள். பூனைக்கும் உண்டு. சிப்பிப்பாறை, இராசபாளையம் என்று இனப்பெருமை பேசும் நம் வட்டாரத்தில் இந்தக் கணக்கை எத்தனை பேர் வைத்திருக்கிறோம்?

படம் முடிந்ததும் திருச்சுழிப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்தான். அவன் தந்தை கிடை போடுபவர். "சார், எங்க ஆட்டுக்கெல்லாம் வருசா வருசம் ஊசி போடுறோம். கிடைக்குக் காவல் இருக்கிற ரெண்டு நாய்க்கும் இதுவரைக்கும் போட்டதே இல்ல" என்றான்.

அடுத்த வாரம் அருப்புக்கோட்டைக்கு நாயைக் கொண்டுவந்து ஊசி போட்டுவிட்டதாக வந்து சொன்னான். ஒன்றுக்குத்தான். மற்றது கயிற்றைக் கண்டதும் கண்மாய்க்குள் ஓடிவிட்டதாம்.