வாரன்ட் இருக்கா?

தமிழ் சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்த சட்டம் மொத்தம் இரண்டு வரி. சண்டையெல்லாம் முடிந்தபிறகு ஜீப்பிலிருந்து இறங்கி வருபவர் சொல்லும் 'யூ ஆர் அண்டர் அரெஸ்ட்' ஒன்று. பங்களா வாசலில் சில்க் ஜிப்பாவோடு நிற்கும் அப்பா கேட்கும் 'வாரன்ட் இருக்கா?' இன்னொன்று.

இந்த இரண்டாவது கேள்வி பெரும்பாலும் தப்பான கேள்வி. திருட்டு, கொள்ளை, கொலை மாதிரியான குற்றங்களில் வாரன்ட் இல்லாமலே கைது செய்ய போலீஸுக்கு அதிகாரம் உண்டு. அவசரம் என்றால் வாரன்ட் இல்லாமல் வீட்டைச் சோதனை போடவும் வரலாம். அதற்கான காரணத்தை முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் கம்பீரமாக 'வாரன்ட் இருக்கா?' என்று கேட்டால், 'அதெல்லாம் தேவையில்லை, வண்டில ஏறு' என்று பதில் வரும். அந்தப் பதில் சட்டப்படி சரியாகவும் இருந்து தொலைக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. 'எதுக்காக அரெஸ்ட் பண்றீங்க? எழுத்துல கொடுங்க. அரெஸ்ட் மெமோ எங்கே? அதுல மணி எத்தனை போட்டிருக்கீங்க? எங்க வீட்டுக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?' இத்தனை வருடமாக போலீஸ் படங்கள் பார்க்கிறோமே, இப்படிக் கேட்ட ஒரு கேரக்டராவது உங்களுக்கு ஞாபகம் வருகிறதா?

டைரக்டர்களின் கஷ்டம் புரிகிறது. பேப்பர் போரடிக்கும், லத்தி போரடிக்காது. ஆனால், லாக்கப்பில் இருப்பவனுக்கு அந்தப் பேப்பர்தான் உயிர். கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. அந்த 24 மணி நேரம் எப்போது ஆரம்பிக்கிறது? கைது செய்த நிமிடத்தில். அதை எழுதாமல் விட்டால்? கடிகாரம் ஓடவே ஓடாது. 'அரெஸ்ட் எல்லாம் இல்லை சார், சும்மா விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறோம்' என்ற வசனத்தின் சூட்சுமம் இதுதான். ஒரு சாட்சியை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக்கூட எழுத்துமூலம் உத்தரவு வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் கீழே, 60 வயதுக்கு மேலே இருப்பவர்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த ஓட்டைகளை அடைக்கத்தான் 1996 டிசம்பரில் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 11 கட்டளைகள் போட்டது. கைது செய்பவர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். அரெஸ்ட் மெமோவில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ ஊரில் ஒரு பெரிய மனிதரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எல்லா ஸ்டேஷன்களிலும் கண்ணில் படும்படி ஒட்டிவைக்கவும் சொன்னார்கள். சினிமாவில் வரும் ஸ்டேஷன் செட்டில் காந்தி படம் உண்டு. இந்தப் போர்டைத்தான் காணோம்.

சரி, படங்களுக்கு வருவோம். 'சாமி' (2003) முடிவில் போலீஸ் ஹீரோ வில்லனைக் கொன்று, செங்கல் சூளையில் எரித்துவிட்டு, ஆள் தலைமறைவு என்று கணக்கை முடிக்கிறார். தியேட்டரில் விசில் பறந்தது. 'ஜெய் பீம்' (2021) படத்தில் ஒரு பழங்குடி இளைஞனை லாக்கப்பில் அடித்துக் கொன்றுவிட்டு, ஆள் தப்பி ஓடிவிட்டான் என்று எழுதுகிறார்கள். நாம் அழுதோம். இரண்டும் ஒரே பொய்தானே? சட்டத்துக்கு வெளியே ஒருவனைக் கொன்றுவிட்டு, ரிக்கார்டில் அவனை ஓடவிடுவது. போலீஸ் ஹீரோ செய்தால் சாமர்த்தியம், வில்லன் போலீஸ் செய்தால் அநியாயம் என்று நமக்குள் எப்படியோ பதிந்துவிட்டது. 'ஜெய் பீம்' கதை 1993-ல் கடலூர் மாவட்டத்தில் உண்மையாகவே நடந்தது என்பதுதான் வித்தியாசம்.

'ஜெய் பீம்' மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. லாக்கப் கொடுமையை அத்தனை நேர்மையாகக் காட்டிய படம் அது. அதிலேயே, விசாரணையின்போது இந்தியில் பேசும் அடகுக் கடைக்காரரை நல்ல போலீஸ் அதிகாரி பளாரென்று அறைகிறார். படம் வந்தபோது அந்த அறை மொழிச் சண்டையாகிவிட்டது. இந்திக்காரரை அடிக்கலாமா என்று ஒரு கோஷ்டி, தமிழில் பேசினால் என்ன என்று இன்னொரு கோஷ்டி. விசாரணைக்கு வந்த ஒருவரைக் கை நீட்டி அடிக்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் கிடையாது என்ற விஷயம் இந்த இரைச்சலில் காணாமல் போனது. அடிப்பவர் நல்லவராக இருந்தால் போதும் என்ற எண்ணம், அடியை எதிர்க்கும் படத்துக்குள்ளேயே குடியிருக்கிறது!

அந்த வகையில் வெற்றிமாறனின் 'விசாரணை' (2015) ஒரு படி மேலே. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு.சந்திரகுமார், தான் குண்டூரில் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து உருவானது. பூங்காவில் படுத்துத் தூங்கும் கூலித் தொழிலாளிகளைப் பிடித்துப்போய், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். எதற்காக அடிக்கிறார்கள் என்பதே முதலில் அவர்களுக்குத் தெரியாது. கோர்ட்டில் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி தற்செயலாகக் கிடைத்து, அவர்கள் சொல்வதை நீதிபதிக்குச் சொன்னதும்தான் விடுதலை. பயமுறுத்துவது அந்தத் 'தற்செயல்'தான். கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் தரவேண்டும். ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது அது அவர் கையில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. குண்டூர் லாக்கப்பில் கிடந்தவர்களுக்கு அந்த ஒரு காகிதம் கிடைத்திருந்தால், கதையே வேறு.

பேப்பரையே கதையாக்கிய படமும் ஒன்று உண்டு. ஃபிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்' (2021). ஸ்டேஷனில் உட்கார்ந்து வழக்கை எழுதுகிற ஏட்டய்யாதான் நாயகன். லத்தியைவிடப் பேனா எவ்வளவு ஆபத்தானது என்று அதில் தெரிந்தது. 'சிங்கம்' ஓடியதில் கால்வாசிகூட அதைப் பற்றி நாம் பேசவில்லை.

இதெல்லாம் வெறும் சினிமா சமாசாரமா? 2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாக ஒரு தந்தையையும் மகனையும் பிடித்துப்போனார்கள். போட்ட பிரிவுகளில் ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை உள்ளது எதுவும் இல்லை. அப்படிப்பட்ட வழக்குகளில் உடனே கைது செய்யாதே, ஏன் கைது அவசியம் என்று எழுது, இல்லையென்றால் நோட்டீஸ் கொடு என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் தீர்ப்பு வந்தாயிற்று. ஆனால் கைது நடந்தது. உடல் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. ரிமாண்ட் உத்தரவும் கிடைத்தது. சில நாட்களில் இருவரும் இறந்துபோனார்கள். எல்லாப் பேப்பரும் இருந்தது சார், அதில் எழுதியிருப்பது நிஜமா என்று யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் டைரக்டர் ஹரி, போலீஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். நம் சினிமா உலகில் அபூர்வமான நேர்மை. ஆனால் அவருடைய படங்களுக்கு விசிலடித்த நாம் எந்த அறிக்கையும் விடவில்லை. 2025 ஜூனில், நகை காணோம் என்ற புகாருக்காக விசாரணைக்கென்று அழைத்துப்போன ஒரு கோயில் காவலாளி, திருப்புவனம் போலீஸ் பிடியில் இறந்தார். மறுபடியும் அதே 'விசாரணை'.

2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. செல்போனே போதும் என்கிறது. சட்டத்துக்குக்கூட கேமரா மீது நம்பிக்கை வந்துவிட்டது. கேமராவையே தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த போலீஸ் படத்தில் ஹீரோ எத்தனை டாடா சுமோவை வேண்டுமானாலும் பறக்கவிடட்டும். ஒரே ஒரு காட்சியில் மட்டும் உட்கார்ந்து அரெஸ்ட் மெமோ எழுதட்டும். நேரத்தைச் சரியாகப் போட்டு, கைதானவனின் அம்மாவுக்கு ஒரு போன் பண்ணட்டும்.

அந்தக் காட்சிக்கு விசில் அடிக்க நாம் பழகிக்கொள்ள வேண்டும்.