கணையவலியும் கிளியாக் கதையும்: ஒரு விமர்சனக் குறிப்பு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களைத் தாண்டினா இடுக்கி. அதுக்கு அந்தப் பக்கம் கோட்டயம். கணைய நாளத்தில் கல் கட்டுகிற வெப்பமண்டலக் கணைய அழற்சியை நம் ஊர்ப் பக்கம் ஊன்றிப் படித்தவர் கோட்டயம் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் கீவர்கீஸ். 1968-இல் புத்தகமே போட்டார். சின்ன வயசுல வயிற்றுவலி, கொஞ்சம் வளர்ந்ததும் சர்க்கரை, இளமையிலேயே சாவு. அன்றைய நிலைமை அது. மரவள்ளிக்கிழங்குதான் காரணம்னு ரொம்ப நாள் சொன்னாங்க. பிறகு ஸ்பிங்க்-1 மரபணு மாற்றம் தெரியவந்தது, கிழங்கு மேல இருந்த பழி குறைஞ்சது.

நான் பேச வந்தது வலியைப் பற்றி. கல்லை எடுத்த பிறகும் சிலருக்கு வலி நிற்பதில்லை. கணையத்தையே முழுசா எடுத்த சிலருக்கும் தொடருது. ஏன்?

இங்கேதான் கிளியா வருது. நரம்பு செல்களுக்குப் 'பசை' என்று 19-ஆம் நூற்றாண்டில் பேர் வாங்கிய துணை செல்கள். 2010-இல் 'நியூரோசயின்ஸ்' இதழில் வந்த சீன ஆய்வில், எலியின் கணைய நாளத்தில் ரசாயனம் செலுத்தி அழற்சி உண்டாக்கினார்கள். சில வாரத்தில் தண்டுவடத்தில் ஆஸ்ட்ரோசைட்டுகள் கிளர்ந்தன. அவற்றை முடக்கும் பொருளைத் தண்டுவடத்தில் செலுத்தியதும் வலிக்கூச்சம் குறைந்தது. அதாவது வயிற்றில் தொடங்கிய வலியைத் தண்டுவடம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. விளக்கமாக இது எனக்குப் பிடிச்சிருக்கு. "கல்லைத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன வலி?" என்று நோயாளியைச் சந்தேகப்படுறவங்களுக்கு இது ஒரு பதில்.

ஆனா இதை அப்படியே மனுஷனுக்குத் தூக்கிவைக்கிறதுல எனக்குச் சம்மதமில்லை. எலிக்குச் சில வாரம், மனுஷனுக்கு இருபது வருஷம். எலியின் வயிற்றில் மெல்லிய இழையால் குத்தி, அது சுருங்குதான்னு பார்ப்பதுதான் அளவுகோல். சாப்பிடவே பயப்படுற ஒருத்தரின் வலி அதில் எங்கே அகப்படும்?

மருந்துப் பக்கம் இன்னும் மோசம். கிளியாவை அடக்கும் புரோபென்டோஃபிலின் எலிகளில் நன்றாக வேலை செய்தது. அக்கிப் புண்ணுக்குப் பிந்தைய வலியுள்ள மனிதர்களிடம் பலனில்லை என்று 2012-இல் முடிவு வந்தது. கணையவலிக்கு ஓரளவு கைகொடுத்தது பழைய பிரிகாபலின். ஹைதராபாத் குழு 2016-இல், கல் நீக்கியும் வலி திரும்பியவர்களுக்கு அதை ஆன்டிஆக்ஸிடன்டுகளோடு கொடுத்துப் பார்த்தது. வலி குறைந்தது. ஆனா பிரிகாபலின் போய் ஒட்டுவது நரம்பு செல்லின் கால்சியம் வாயிலில். வலி தண்டுவடத்துக்கு ஏறிடுச்சு என்கிற பாதிக் கதைக்கு இது பலம் சேர்க்குது. குற்றவாளி கிளியாதான் என்கிற மீதிக்கு இல்லை.

இன்னொண்ணு. நரம்புக் காயத்தால் வரும் வலிக்கு ஆண் சுண்டெலிகளில்தான் மைக்ரோகிளியா தேவைப்படுது, பெண் சுண்டெலிகளில் வேறு நோயெதிர்ப்பு செல்கள் அந்த வேலையைச் செய்யுதுன்னு 2015-இல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' கட்டுரை காட்டியது. கணையவலி ஆய்வுகளிலோ பெரும்பாலும் ஆண் எலிகள். போடியிலிருந்து விடியக்காலை ஜீப்பில் நெருக்கியடித்து மேலே போய் ஏலக்காய் எடுக்கிறவங்கள்ல பெரும்பாலோர் பெண்கள். அவங்கள்ல ஒருத்திக்கு இந்த வலி வந்தா, எந்த எலியை வைத்துப் பேசுவது? இந்த வகைக் கட்டுரையைத் திறந்தா இப்பல்லாம் நான் முதல்ல தேடுவது, எலி ஆணா பெண்ணான்னு சொல்ற அந்த ஒரு வரியைத்தான்.