என்க்ரிப்ஷனையும் மீறித் தெரியும் படம்: இரண்டு ஆய்வுகள், சில கேள்விகள்

நெட்ஃப்ளிக்ஸ் தன் வீடியோக்களை எச்டிடிபிஎஸ் வழியாக அனுப்பத் தொடங்கியது, பார்ப்பவர்களின் அந்தரங்கத்தைக் காக்கத்தான். அதற்குப் பிறகும் யார் எந்தப் படம் பார்க்கிறார்கள் என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம் என 2017-இல் இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் காட்டின. ஒன்று ஆண்ட்ரூ ரீட், மைக்கேல் கிராஞ்ச் எழுதியது. இன்னொன்று ஷுஸ்டர், ஷ்மாட்டிகோவ், டிரோமர் மூவரும் எழுதிய 'பியூட்டி அண்ட் த பர்ஸ்ட்'. இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுபவை இவை. ஆனால் மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதுதான் எனக்கு உறுத்தல்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாக. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். சண்டைக் காட்சி உள்ள துண்டுக்கு நிறைய பைட் வேண்டும். கறுப்புத் திரையில் பெயர் ஓடும் துண்டுக்குக் கொஞ்சம் போதும். என்க்ரிப்ஷன் உள்ளே இருப்பதை மறைக்கும், நீளத்தை மறைக்காது. ப்ளேயர் ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குவதால் லைனில் ஒரு பாய்ச்சல், கொஞ்சம் அமைதி, மறுபடி ஒரு பாய்ச்சல். இந்த அளவுகளை வரிசையாக எழுதினால் அதுவே படத்தின் கைரேகை. அவ்வளவுதான் சங்கதி.

யோசனை புதிதல்ல. 2007-லேயே வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஸ்லிங்பாக்ஸ் கருவியை வைத்து 26 படங்களில் இதைச் செய்து பார்த்தது. 10 நிமிடம் கவனித்தால் சராசரியாக 62%, 40 நிமிடம் கவனித்தால் 77% சரியான விடை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் 4%கூட வராது.

ரீட்–கிராஞ்ச் செய்தது அளவில் பெரிய பாய்ச்சல். 42,027 நெட்ஃப்ளிக்ஸ் வீடியோக்களின் கைரேகைகளைத் திரட்டினார்கள். டிசிபி/ஐபி ஹெடர் மட்டும் போதும், பெரிய மெஷின் வேண்டாம். 20 நிமிட ஓட்டங்களில் சோதித்தபோது 99.5% அடையாளம் தெரிந்தது. பெரும்பாலானவை இரண்டரை நிமிடத்துக்குள். நேர்மையான, உழைப்பு தெரிகிற வேலை.

சரி, எல்லோரும் சொல்லும் 99.99%? அது தொகுப்பில் இருக்கும் வீடியோக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியும் துல்லியம். தொகுப்பிலேயே இல்லாத ஒன்று ஓடினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. வீட்டு லைனில் நெட்ஃப்ளிக்ஸ் மட்டுமா ஓடுகிறது? பையனுடைய ஆன்லைன் வகுப்பு, வேறு செயலி, கேமரா எல்லாம் ஓடுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் என் கற்பனை. 10 லட்சம் ஓட்டங்களில் ஒரு குறிப்பிட்ட ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் 10 பேர். கருவி அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது. மற்றவற்றில் ஆயிரத்துக்கு ஒன்றைத் தவறாகப் பிடிக்கிறது. மாட்டுபவர்கள் சுமார் 1,010 பேர். அதில் 1,000 பேர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை! விளம்பரக்காரனுக்கு இது பரவாயில்லை. ஆனால் தடைசெய்த படத்தைப் பார்த்தவர்களைத் தேடும் ஒரு அரசு கையில் இந்தப் பட்டியல் கிடைத்தால்?

'பியூட்டி அண்ட் த பர்ஸ்ட்' வேறு வழியில் போகிறது. ஒழுகல் நெட்ஃப்ளிக்ஸின் தனிக் கோளாறு இல்லை, துண்டு துண்டாக அனுப்பும் டேஷ் முறையிலேயே இருக்கிறது என்று யூடியூப், அமேசான், விமியோ வரை காட்டுகிறார்கள். படங்களின் எண்ணிக்கை ரீட்டுடையதை விட ரொம்பக் குறைவு, அது குறைதான். ஆனால் என்னைப் பயமுறுத்தியது இதன் கடைசிப் பகுதி. தாக்குபவர் உங்கள் பாக்கெட்டுகளைப் பார்க்கவே வேண்டாம். அதே வீட்டு நெட்வொர்க்கில் இன்னொரு கணினியின் பிரவுசரில் அவருடைய ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால் போதும். லைனை நிரப்பி, தன் பாக்கெட்டுக்கு எவ்வளவு தாமதம் என்று அளந்தே, உங்கள் டிவியின் பாய்ச்சல்களை ஊகிக்கிறது. ரீட்டின் முறைக்கு லைன் நடுவே ஓர் இடம் வேண்டும், அதாவது இணைய நிறுவனமோ ரவுட்டரோ. இதற்கு அதுவும் வேண்டாம். மேற்கோள்களில் முன்னால் வர வேண்டியது இதுதான்.

தீர்வு இல்லையா? இருக்கிறது. எல்லாத் துண்டையும் ஒரே அளவுக்கு நிரப்பி அனுப்பலாம். ஆனால் அளவு மாறுவதால்தான் பேண்ட்வித் மிச்சமாகிறது. அந்தரங்கத்துக்காக அந்தச் செலவை ஏற்க எந்த நிறுவனத்துக்கும் அவசரம் இல்லை. எவ்வளவு நிரப்பினால் கைரேகை எவ்வளவு மங்கும், செலவு என்ன என்ற கணக்குதான் இந்தத் துறை முன்வைக்க வேண்டியது. இன்னொரு 99% அல்ல.

சட்டம் காப்பாற்றுமா? 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க்கின் வீடியோ வாடகைப் பட்டியலை ஒரு பத்திரிகை வெளியிட்டது. விளைவாக 1988-இல் வீடியோ அந்தரங்கச் சட்டம் வந்தது. அது கட்டுப்படுத்துவது வீடியோ கொடுக்கும் கடைக்காரரை. தெருவில் நின்று பார்சலை எடைபோட்டே உள்ளே என்ன என்று சொல்பவரை அன்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்து இந்தத் தலைப்பில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டால், நீங்கள் முதலில் தேட வேண்டியது துல்லியத்தை அல்ல. கருவி எத்தனை முறை 'தெரியாது' என்று சொன்னது என்பதைத் தேடுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் மீதி எண்களுக்கு மதிப்புக் குறைவுதான்.