ஐம்பது நாளும் ஒரே திருநாள்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் தமிழ்நாட்டுப் பங்குக் கோயில்களில் உட்கார இடம் கிடைக்காது. வேலை முடிந்து வருகிறவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே சிலுவைப்பாதைக்கு வந்துவிடுகிறார்கள். பதினான்கு தலங்களிலும் முழந்தாளிட்டு எழுகிறார்கள். மூட்டுவலிக்காரப் பாட்டிகளும் விடுவதில்லை. ஆனால் உயிர்ப்பு ஞாயிறு முடிந்து மறுநாள் திங்கட்கிழமை காலைத் திருப்பலிக்கு அதே கோயிலில் இரண்டு பெஞ்சு நிறையாது. பாடகர் குழுவுக்கு ஓய்வு. ஒலிபெருக்கிக்காரர் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார். புனித வாரம் முழுக்கக் கத்திப் பேசிய பங்குச் சாமியாருக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

திருச்சபை நாள்காட்டியைப் பார்த்தால் அந்தத் திங்களும் பெருவிழாதான். உயிர்ப்பு ஞாயிறிலிருந்து எட்டு நாள்கள் ஆண்டவருடைய பெருவிழாக்களாகவே கொண்டாடப்பட வேண்டியவை. அந்த ஞாயிறிலிருந்து தூய ஆவியார் பெருவிழா வரை ஐம்பது நாள்களையும் ஒரே திருநாளாக, ஒரு பெரிய ஞாயிறாகக் கொள்ளச் சொல்கிறது 1969-இல் வெளிவந்த வழிபாட்டு ஆண்டு ஒழுங்கு. நாற்பது நாள் துக்கத்தை உடம்பால் சுமந்த மக்கள், ஐம்பது நாள் மகிழ்ச்சியை ஒரே நாளில் முடித்துக்கொள்கிறார்கள். இது பக்திக் குறைவால் வந்ததல்ல. தவக்காலத்தை மக்கள் கையில் கொடுத்தோம். இந்த ஐம்பது நாள் பாஸ்கா காலத்தைப் பீடத்துப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிட்டோம் என்பதுதான் என் கருத்து.

மக்கள் கையில் கொடுத்தது எவ்வளவு என்று பாருங்கள். நெற்றியில் சாம்பல், ஒருசந்தி, கறி விலக்கல், காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம், பெரிய வியாழன் இரவில் நற்கருணை முன் கண்விழிப்பு, ஊர்ப் பிள்ளைகளே நடிக்கிற பாஸ்கா நாடகம். மொழியும் சேர்ந்து கொடுத்திருக்கிறது. வீரமாமுனிவர் அன்னை அழுங்கல் அந்தாதி பாடினார். இலங்கையில் உழைத்த கோவா நாட்டுக் குரு ஜாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை ஈழத்துக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக இழுத்துப் பாடி அழுதிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகள் 1965-இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளைப் பெரிய மேடைக் கலையாக வளர்த்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும், கடலில் கணவனை இழந்தவளும் ஊர் நடுவில் வாய்விட்டு அழ இந்த வழிபாடுகள் இடம் தருகின்றன. அதைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. உயிர்ப்புக்கு இதற்கு இணையான ஒரு கலை நம்மிடம் வளராமல் போனதுதான் என் ஆதங்கம்.

வளர்ந்தது ஒன்று உண்டு. அது பாஸ்கா திருவிழிப்பு. சனிக்கிழமை நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் கோயிலின் விளக்கெல்லாம் அணைந்திருக்க, முற்றத்தில் மூட்டிய தீயருகே பாஸ்கா திரியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அருட்பணியாளர் அதில் சிலுவை கீறி, முதலும் முடிவுமான கிரேக்க எழுத்துகளையும் அந்த ஆண்டின் எண்ணையும் பொறித்து, ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்துகிறார். அந்த ஒரு சுடரிலிருந்து பக்கத்தில் இருப்பவர் பற்றவைக்க, அவரிடமிருந்து அடுத்தவர் பற்றவைக்க, வெளிச்சம் கடைசி வரிசை வரை நகர்கிறது. மெழுகு கையில் சொட்டாதிருக்க அட்டையில் துளையிட்டுச் செருகிய திரியைப் பிடித்தபடி, முன்னால் நிற்கும் பெண்ணின் கூந்தலில் பட்டுவிடாமல் பிள்ளையின் கையை அம்மா இழுத்துப் பிடிக்கிறாள். விளக்கத் தேவையில்லாத வழிபாடு அது. படிக்காதவருக்கும் புரிகிறது.

இந்தக் கூட்டம் பழங்காலத்திலிருந்து வந்ததென்று நினைத்துவிட வேண்டாம். பல நூற்றாண்டுகளாக இந்தத் திருவிழிப்பைச் சனிக்கிழமை காலையில், வெயில் அடிக்கையிலேயே, ஒரு சிலர் மட்டும் இருக்க முடித்துக்கொண்டிருந்தார்கள். திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1951-இல் சோதனை முறையில் இரவுக்கு மாற்றினார். 1955-இல் புனித வாரச் சீர்திருத்தம் அதை உறுதிப்படுத்தியது. இன்று நள்ளிரவில் ஊரே திரள்கிற வழக்கத்துக்கு வயது எழுபது சொச்சம்தான். நல்ல வடிவம் கொடுத்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த இரவிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. உன்னதங்களிலே கீதம் தொடங்கியதும் மணிகள் ஒலிக்கின்றன, திரை விலகுகிறது, கொடி பிடித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் மின்விளக்குகளுக்கு நடுவே மேலெழும்புகிறது, வெளியே வெடி வெடிக்கிறது. வேளாங்கண்ணிக் கலையரங்கில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் காத்திருப்பது இந்த நொடிக்காகத்தான். வழிபாட்டு அறிஞர்கள் சிலர் இதைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட்டவர்கள் ஞாயிறு பிறக்கையில் உயிர்த்த சுரூபத்தைக் காண விரும்புவது நியாயம். கண்ணால் காண்பதும் வழிபாடுதான். குறை வேறிடத்தில் இருக்கிறது. கூட்டத்தின் ஆர்வம் அந்த நொடியோடு வடிந்துவிடுகிறது. அதற்கு முன் வரும் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. தேவைப்பட்டால் குறைக்கலாம் என்ற சலுகையைப் பயன்படுத்தி எப்போதும் மூன்றோடு நிறுத்துகிறார்கள். செங்கடலைக் கடக்கிற விடுதலைப் பயண வாசகத்தை விடக்கூடாது என்பதால் அது மட்டும் தப்பிக்கிறது. சுரூபம் எழுந்த பின் வரும் திருமுழுக்குத் தண்ணீர் மந்திரிப்பும் வாக்குறுதிப் புதுப்பித்தலும்தான் அந்த இரவின் உச்சம். அப்போது பாதிப்பேர் கைப்பேசியில் எடுத்த காணொளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உபதேசியாரோ பங்குத்தந்தையோ அந்தத் தண்ணீரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினால் போதும், இது மாறும்.

தண்ணீரைச் சொன்னதால் ஒரு நல்ல வழக்கத்தையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் கோயில் வாசலில் நீலப் பீப்பாயைச் சுற்றி மக்கள் பாட்டிலோடு நிற்கிறார்கள். அந்தத் தீர்த்தம் வீட்டுக்குப் போகிறது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிக்கும் புதிதாய்க் கட்டிய தொழுவத்துக்கும் போகிறது. அதையடுத்த வாரங்களில் பல பங்குகளில் சாமியார் வீடு வீடாக மந்திரிக்க வருகிறார். என் கணிப்பில் பாஸ்கா காலத்தின் மிகச் சிறந்த வழக்கம் இதுதான். கோயிலுக்கு வராதவர் வீட்டுக்கும் உயிர்ப்பு நடந்து போகிறது. ஆனால் ஒரு தெருவில் நாற்பது வீட்டை ஒரு மாலையில் முடிக்கும் அவசரம் அதைக் கெடுக்கிறது. தெளித்து, ஜெபித்து, காணிக்கை வாங்கி, அடுத்த வீடு. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து கால் மணி நேரம் பேச முடியாத மந்திரிப்பு, வரி வசூலுக்கு வந்ததைப் போல ஆகிவிடுகிறது. நாள்கள்தான் ஐம்பது இருக்கின்றனவே. ஒரு வாரத்தில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பாஸ்கா காலம் வெறுமையாய்ப் போவதற்கான மற்ற காரணங்கள் தெரிந்தவைதான். கோடை, தேர்வு, ஊருக்குப் போகும் விடுமுறை. மறைக்கல்வி வகுப்புகள் பள்ளியாண்டை ஒட்டி நடப்பதால் இந்தக் காலத்தில் மூடிக்கிடக்கின்றன. புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சில நாள் அவசர வகுப்பு, வெள்ளை உடை, நிழற்படம், விருந்து. அடுத்த ஞாயிறு அவர்களைக் காணோம். பழைய திருச்சபையில் திருமுழுக்குப் பெற்ற புதியவர்களுக்குப் பாஸ்கா வாரத்தில்தான் மறைபொருள்களை விளக்கினார்கள். எருசலேமிலும் மிலானிலும் நான்காம் நூற்றாண்டில் நிகழ்ந்த அந்த உரைகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. பெற்ற பிறகு கற்பிப்பது என்ற அந்த நல்ல முறையை நாம் முழுக்க மறந்துவிட்டோம். இதற்கு மேல், பல மறைமாவட்டங்களில் அருட்பணியாளர்களின் இடமாற்றம் மே, ஜூனில் வருகிறது. பெட்டி கட்டும் மனநிலையில் இருப்பவரிடம் ஐம்பது நாள் திட்டத்தை எதிர்பார்ப்பது கடினம். ஆயர் இல்லங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சின்ன அடையாளங்களும் தேய்ந்துவிட்டன. பாஸ்கா திரி ஆண்டுதோறும் புதியதாக, உண்மையான மெழுகில் இருக்க வேண்டும் என்று 1988-இல் உரோமைச் சுற்றுமடல் தெளிவாகச் சொன்னது. சில கோயில்களில் எண்ணெய் ஊற்றும் குழாய்த் திரியில் ஆண்டு எண்ணை மட்டும் மாற்றி ஒட்டுகிறார்கள். திருமுழுக்கில் குழந்தையின் திரி பற்றுவதும், அடக்கத் திருப்பலியில் சவப்பெட்டியருகே எரிவதும் அந்தத் திரிதான். அதில் சிக்கனம் பார்ப்பது சரியில்லை. ஞாயிறுகளில் மன்னிப்பு வழிபாட்டுக்குப் பதிலாகத் தண்ணீர் தெளிக்கும் சடங்கும் அருகிவருகிறது. கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கம் ஞாயிறுகளிலும் இந்த ஐம்பது நாள்களிலும் முழந்தாளிடாமல் நின்றே மன்றாட வேண்டும் என்று சட்டமே போட்டது. உயிர்த்தவரின் மக்கள் நிமிர்ந்து நிற்கட்டும் என்ற எண்ணம் அது. இன்றைய ஒழுங்கு வேறுதான். ஆனால் மகிழ்ச்சியையும் உடம்புக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

சிலுவைப்பாதைக்கு இணையாகப் பதினான்கு தலங்கள் கொண்ட ஒளியின் பாதையை 2001-ஆம் ஆண்டின் பக்திமுயற்சிகள் பற்றிய வழிகாட்டி பரிந்துரைத்தது. நல்ல முயற்சிதான். இருந்தும் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதோடு அது நின்றுவிடுகிறது. துக்கத்துக்காக வளர்ந்த வடிவத்தை எடுத்து மகிழ்ச்சிக்குப் பொருத்தினால் மட்டும் வேர் பிடிக்காது.

வேர் பிடிக்கும் இடம் வாசகங்களில் இருக்கிறது. பாஸ்கா காலத்தில் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வருவதில்லை. வாரநாள்களில் திருத்தூதர் பணிகள் நூலின் பகுதிகள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வரிசையாக வாசிக்கப்படுகின்றன. உயிர்ப்புக்குப் பின் ஒரு சாதாரணச் சபை எப்படி வாழ்ந்தது என்ற கணக்கு அது. உடைமையைப் பொதுவாக வைத்தார்கள். அதிலே ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பங்கீட்டில் தங்கள் கைம்பெண்கள் விடுபடுவதாக ஒரு பிரிவினர் முணுமுணுக்கிறார்கள். பதினொன்றாம் அதிகாரத்தில், வேற்றினத்தார் வீட்டில் உண்டதற்காகப் பேதுருவையே கேள்வி கேட்கிறார்கள். பதினைந்தாம் அதிகாரத்தில் அந்த வழக்கைச் சபை கூடிப் பேசித் தீர்க்கிறது.

இவை நமக்குத் தொலைவான செய்திகளா? தூத்துக்குடியிலும் தங்கச்சிமடத்திலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். கூலிக்குப் போகிறவர் வீட்டில் வரவு நின்று வட்டி மட்டும் ஓடும். ஏறத்தாழ அதே வாரங்களில்தான் யோவான் 21-ஆம் அதிகாரம் நற்செய்தியாக வருகிறது. இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் படாத படகுக்காரர்களுக்குக் கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிட வரச் சொல்கிறார் உயிர்த்த ஆண்டவர். 2025-இல் அது மே 4 ஞாயிறன்று, தடைக்காலத்தின் நடுவில் வாசிக்கப்பட்டது. கடற்கரைப் பங்கில் இதைவிடப் பொருத்தமான ஞாயிறு கிடைக்குமா? ஆண்கள் ஊரில் இருக்கிறார்கள், வேலை இல்லை, வீட்டில் தட்டுப்பாடு. பங்கு ஒரு பொதுச் சமையலை மூட்டினால் அதற்கு மறையுரையே வேண்டாம். அசனம் என்ற அருமையான பொதுவிருந்து வழக்கம் தென்மாவட்டங்களில் ஏற்கெனவே இருக்கிறது. திருவிழாவுக்கு மட்டும் என்று அதை ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

சாதிக் கணக்கும் இங்கேதான் வருகிறது. 2008 மார்ச்சில், உயிர்ப்பு ஞாயிறுக்கு இரண்டு வாரம் இருக்கையில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கருக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை 2016-இல் வெளியிட்டது. கொள்கை வந்துவிட்டது. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் சுவர் நிற்கிற ஊரில் ஆண்டுதோறும் பதினொன்றாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. இருபது பேர் கேட்டுவிட்டுக் கலைகிறார்கள். பாஸ்கா காலம் வெறுமையாய்ப் போவதால் நமக்கு நேர்கிற பெரிய இழப்பு இதுதான். சிலுவைப்பாதை தனிமனிதனின் கண்ணீரைத் தொடுகிறது. சபையின் நடத்தையைத் தொடுகிற வாசகங்கள் வரும்போது சபை அங்கே இல்லை.

புதிதாக ஒரு வழிபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மே மாதம் மாதாவின் வணக்கமாதம். பங்கின் சிறு குழுக்களான அன்பியங்கள் மாலைதோறும் வீடு மாற்றி ஜெபமாலை சொல்கின்றன. பிள்ளைகள் விடுமுறையில் இருக்கிறார்கள், பெண்கள் தலைமை ஏற்கிறார்கள், கடைசியில் சுண்டலும் கிடைக்கிறது. பாஸ்கா காலத்தில் உண்மையிலேயே மக்கள் கையில் இருக்கும் ஒரே வழிபாடு அது. திருத்தூதர் பணிகளில் 28 அதிகாரங்கள். மே மாதத்தில் 31 மாலைகள். வரும் மே முதல் தேதி உங்கள் அன்பியத்தில் ஜெபமாலை முடிந்ததும் முதல் அதிகாரத்தை ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். ஆறாம் அதிகாரம் வரும் மாலையில் தெருவிலிருக்கும் கைம்பெண் ஒருவர் வீட்டில் கூடுங்கள். பதினொன்றாம் அதிகாரத்தன்று இதுவரை நீங்கள் போகாத தெருவில் ஜெபமாலையை வையுங்கள், அங்கே கொடுப்பதைச் சாப்பிடுங்கள். பதினைந்தாம் அதிகாரத்துக்குப் பங்குத்தந்தையையும் பங்குப்பேரவை முழுவதையும் அழையுங்கள். வாசித்து முடித்ததும் கல்லறைச் சுவரைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள்.